கோகிலாவின் தப்பு நோட்டு

உங்கள் அம்மாவின் பெயரைக் கணினியில் தமிழில் அடிக்கத் தெரியுமா உங்களுக்கு? கைப்பேசியைச் சொல்லவில்லை. மேசைமேல் பெட்டியும் திரையும் வால் போன்ற ஒயர்களுமாக உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கணினியில். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், எங்கிருந்தோ வெட்டி எடுத்து ஒட்டாமல், நீங்களே உங்கள் விரலால்?

வெட்கப்பட வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே சோளக்காட்டுச் சந்தையில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்ட ஒரு பெண் இருக்கிறாள். பெயர் கோகிலா. பலாப்பழம் வாங்க வந்த உள்ளூர்க்காரர் முதல் காரில் வந்து இறங்கும் சென்னைப் பேராசிரியர் வரை ஒருவரையும் அவள் விட்டதில்லை. பேராசிரியர் “நான் இங்கிலீஷில்தான் டைப் செய்வேன்” என்று பெருமையாகச் சொன்னாராம். “பரவால்லீங்க, படிப்படியாக் கத்துக்கலாம்” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினாளாம்.

கோகிலாவுக்கு முப்பத்தொரு வயது. மலைமேல் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள், அப்படி ஆலத்தூர் நாட்டில் பிறந்தவள். நாமக்கல்லில் விடுதியில் தங்கிக் கணினி அறிவியல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். பிறர் எழுதிய மென்பொருளை ஓட்டிப் பார்த்து அதில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. “உனக்குப் பொறவியிலயே வர்ற குணமாச்சே, அதுக்குச் சம்பளம் வேறயா?” என்று அவள் அண்ணி கேட்டது இன்றும் குடும்பத்தில் நினைவுகூரப்படுகிறது. அந்தக் கம்பெனி அவள் இருந்த பிரிவை ஒரு நாள் இழுத்து மூடியது. கழித்துப்போட்ட கணினிகளில் இரண்டை வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுக்கு வந்தவள், பஸ் நிற்கும் இடத்தில், ராமாயியின் பழக்கடைக்கு அடுத்த கதவில் கடை போட்டாள். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் மனு.

அந்தக் கடைக்கு ஒரு நாள் கண்ணாயி வந்தாள். கோகிலாவுக்கு அத்தை முறை. சொந்தம் என்ன என்று துருவிக் கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. நாட்டுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவதொரு முறை ஆவார்கள். கண்ணாயிக்கு ஐம்பது வயது. எட்டாவது வரை படித்தவள். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும் அவள் பாடு. கணவன் மாதேஸ்வரன் இறந்து நான்கு வருடம். நிலத்தின் உரிமைப் பத்திரத்தில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த நிலத்தில் வேர்வை சிந்துபவளின் பெயரையும் அதில் ஏற்றச் சொல்லி அவள் போட்ட மனு திரும்பி வந்திருந்தது. மடித்து வைத்திருந்த காகிதத்தை மேசைமேல் விரித்தாள்.

“கண்ணு, இது எந்த ஊரு பாஷைன்னு பாரு. நான் சொன்னது தமிழ்ல. கீழ நாட்டுல கடைக்காரரு அடிச்சதும் தமிழ்லதான். போயிட்டு வர்றதுக்குள்ள இப்படி ஆயிருச்சு.”

காகிதம் முழுக்க ஆங்கில எழுத்தும், கேள்விக்குறியும், அடைப்புக்குறியும். ஓரத்தில் ஒரு முத்திரை: மனு படிக்கும் நிலையில் இல்லை.

கோகிலாவுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. அடிவாரத்துக் கடைக்காரர் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருந்தார். அதில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். படித்துப் பார்க்க வேண்டிய அதிகாரிகள் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவள் யார், என்ன கேட்டாள் என்று ஒரு போன் செய்து கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“நேரா ஆபீஸ்லயே போயி அடிக்கலாமேத்தை?”

“போனேனே. மனு போடறவங்களே நேர்ல வந்து, அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல தானே அடிக்கோணுமாமா. புரோக்கருங்கள ஒழிக்கறதுக்காம். செரின்னு உக்காந்தா, ‘இந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் தெரிஞ்சாளக் கூட்டிட்டு வா’ங்கறாரு அந்த வேல்முருகன்.”

நல்ல நியாயம். கண்ணாயிக்கு ஆங்கிலம் தெரியாதது அவள் குற்றமாம். தமிழ்நாட்டில் தமிழர் வரிப்பணத்தில் வாங்கிய கணினிக்குத் தமிழ் தெரியாதது மட்டும் இயற்கையாம், மழை வெயில் மாதிரி. மலைமேல் இருக்கும் அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற ஊர் அலுவலகங்கள் எல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

“எப்பத்தை கடைசி நாளு?”

“வைகாசி முடியறதுக்குள்ளயாம். அதுக்கு மேல போனா மொதல்ல இருந்தாமா.” மொதல்ல இருந்து என்றால் இன்னொரு மூன்று வருடம் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலையே கோகிலா வேலையைத் தொடங்கினாள். தமிழில் அடிக்க ஏற்கெனவே பத்து மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஒன்றுக்கு இணையம் வேண்டும். மழை பெய்தால் இங்கே இணையம் போய்விடும், மழையோ கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. இன்னொன்றை நிறுவக் கணினியின் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். அலுவலகத்தில் அதை அறிந்த ஒரே ஒப்பந்தக்காரர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தரிசனம் தருவார். ஆகவே யாரோ புண்ணியவான் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருந்த நிரல் ஒன்றை எடுத்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்தாள். இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், பென்டிரைவில் இருந்தபடியே ஓடும். தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று ஐந்து மொழிகள். ஒரு விசையைத் தட்டினால் மொழி மாறும். மொழிக்காக மேடையில் அடித்துக்கொள்பவர்கள் வந்து பார்க்க வேண்டும், ஐந்தும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. ஓடும்போது திரையின் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதனால் மிளகு என்று பெயர் வைத்தாள்.

செய்வது பெரிதில்லை, சோதிப்பதுதான் பெரிது என்பது அவள் கொள்கை. சந்தைக்கு வந்தவர்களையெல்லாம் இழுத்து உட்கார வைத்தாள். விசைகளின்மேல் தமிழ் எழுத்து அச்சிட்டு லேமினேஷன் செய்த சின்னச் சின்னச் சதுரங்களை ஒட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு. அதன் பெயர் தப்பு நோட்டு. நடுவில் கோடு போட்டு இடது பக்கம் ‘அவங்க தப்பு’, வலது பக்கம் ‘என் தப்பு’ என்று எழுதியிருந்தாள். கோயம்புத்தூர்ப் பழக்கம். அங்கே எதையும் இடது பக்கத்தில் தள்ளிவிட்டால் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

ராமாயி பலா அரிந்துகொண்டிருந்தவள், பால் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்க் கையோடு வந்து உட்கார்ந்தாள். விரல் வைத்த இடத்திலெல்லாம் வழுக்கி, தன் பெயரை அடிக்கப்போய்ப் பக்கத்து எழுத்துகளுக்கெல்லாம் விருந்து வைத்தாள். அரியூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடியாக்காரர் இருவர் ஒடியாவைச் சோதித்தார்கள். கோகிலாவுக்கு ஒடியாவில் ஓர் எழுத்தும் தெரியாது. ஒருவர் “டீக்” என்று தலையாட்ட, மற்றவர் “நஹி” என்று மறுக்க, இரண்டு பேரும் அரைமணி நேரம் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். அவள் இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டு ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

கண்ணாயி வந்து உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. ‘க’ என்ற விசையில் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. திரையில் ககககககக என்று மூன்று வரி ஓடியது.

“அய்யோ அத்தை, தொட்டுட்டுக் கையெடுங்க!”

“தொட்டவொடனே எடுத்தா எப்படிக் கண்ணு நிக்கும்? குச்சிய ஊனுனா மண்ணு புடிக்கற வரைக்கும் அழுத்தோணும்ல?”

“எழுத்தெல்லாம் சாயாதுங்கத்தை.”

“நீ சொல்ற. நாளைக்குச் சாஞ்சுதுன்னா நானுல்ல திரும்ப வரோணும்?”

மரவள்ளிக் குச்சி ஊன்றி ஊன்றிப் பழகிய கட்டைவிரல் அது. கோகிலா சிரித்துக்கொண்டே நோட்டின் இடது பக்கத்தில் எழுதினாள்: கண்ணாயி அத்தை, விரல் எடுக்கிறதில்லை. அவங்க தப்பு.

மறுநாள் ஆறு பெண்கள் வந்தார்கள். ஆறு பேரும் அப்படியே அழுத்தினார்கள். அதற்கடுத்த நாள் நான்கு ஆண்கள். எல்லோரும் குச்சி ஊன்றுகிறவர்கள். “தொட்டுட்டு எடுங்க, தொட்டுட்டு எடுங்க” என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிப்போயிற்று. மூன்றாம் நாள் இடது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பதினொரு பெயர்கள். வேலை செய்கிற ஒரு மலையே ஒரே மாதிரி அழுத்துகிறது. அது தப்பு என்று சொல்ல இந்தத் தகரப் பெட்டி யார்? நகரத்தில் மெத்தை நாற்காலியில் இருந்த எவனோ ஒருவன், தன் விரலை அளவெடுத்து உலகத்துக்கே சட்டை தைத்துவிட்டான். பொருந்தாதவர் உடம்பு கோணலாம்! கோகிலாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பதினொரு பெயரையும் கோடு போட்டு அடித்துவிட்டு வலது பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: அமுக்கிப் பிடித்தால் எழுத்து பெருகுகிறது. என் தப்பு.

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினாள். இனி மிளகில் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே எழுத்துதான். விரலை எடுத்து மறுபடி வைத்தால்தான் அடுத்தது. அழிக்கும் விசைக்கு மட்டும் விலக்கு. கண்ணாயி வந்து அரை நிமிடம் அழுத்திப் பார்த்தாள். ஒரே ஒரு க. “இப்பத்தான் ஒழுங்கா ஊனுது” என்று தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அலுவலகத்தில் மிளகை ஓட்ட அனுமதி வாங்கக் கோகிலா ஐந்து முறை நடந்தாள். கடைசியில் அதிகாரி கலைமணி மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: சோதனை அடிப்படையில், ஒரு நாள் மட்டும், சரிவராவிடில் நீக்கப்படும். அந்த ஒரு நாள் எப்படியோ தள்ளித் தள்ளி வைகாசி கடைசி வெள்ளிக்கிழமையாக வந்து நின்றது. கண்ணாயியின் மனுவுக்கும் அன்றுதான் கடைசி நாள். சனி ஞாயிறு விடுமுறை, திங்கள் ஆனி பிறந்துவிடும்.

காலை பத்தேகாலுக்கு இருவரும் போய் நின்றார்கள். உதவியாளர் வேல்முருகன் அடிவாரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பென்டிரைவைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க, பத்தரைக்கு ராகு காலம் பொறக்குதுங்க. பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாமே?”

“அண்ணா, இதுக்குள்ள நாலாயிரம் வரி இருக்குதுங்க. ராகு எந்த வரில உக்காந்திருக்காருன்னு காட்டுங்க, அந்த ஒரு வரிய அழிச்சுட்டுப் போடறேன்.”

கலைமணி மேடம் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சிரித்தார். “போடட்டும் விடுங்க. ஆனா லஞ்சுக்குள்ள முடிக்கணும். மத்தியானம் எனக்கு மீட்டிங்.”

கணினி மூலையில் இருந்தது. திரையின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். பெட்டியின் காற்றுத் துளையில் காய்ந்த சாமந்தி. விசைப்பலகையில் இடம், நடு, வலம் என்று மூன்று சந்தனப் பொட்டுகள். எட்டு மாதத்துக்கு முந்தைய ஆயுத பூசையின் அலங்காரம் அலுங்காமல் இருந்தது. கோகிலா பொட்டுகளை நகத்தால் சுரண்டிவிட்டு எழுத்துச் சதுரங்களை ஒட்டினாள். வேல்முருகன் குனிந்து கடவுச்சொல்லைக் கிசுகிசுத்தார்: “ஒன்னு ரெண்டு மூனு நாலு அஞ்சு.” அறை முழுவதும் கேட்டது.

மூலையில் கறுப்புப் புள்ளி தோன்றியது. கோகிலா முதலில் தானே ‘வணக்கம்’ என்று அடித்தாள். திரையில் ‘வணம்’ என்று வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் வணம்.

“அதான் அப்பவே சொன்னனுங்களே” என்றார் வேல்முருகன், துக்கம் விசாரிக்கும் குரலில். “இந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒத்துக்காதுங்க.”

கோகிலா விசைப்பலகைமேல் குனிந்தாள். க விசையில் அழுத்தினால் ஒன்றுமே வரவில்லை. எழுத்து பெருகக் கூடாது என்று போன வாரம் செய்த மாற்றம், பெருகுவதை நிறுத்தப்போய் எழுத்தையே விழுங்கிவிட்டதா? நோட்டைத் திறந்து வலது பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாயி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன கண்ணு?”

“ஒரு நிமிசம் இருங்கத்தை.”

ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம் அது ஒன்று. மிளகை நிறுத்தினாள். கறுப்புப் புள்ளி மறைந்தது. வெறும் ஆங்கிலத்தில், நடு வரிசை விசைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஏ, எஸ், டி, எஃப், ஜி வந்தன. அடுத்து எச் வர வேண்டும். வரவில்லை. ஜே வந்தது. தமிழில் க இருக்கும் விசைதான் ஆங்கிலத்தில் எச்.

“மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. இது தமிழ்லயும் வரல, இங்கிலீஷ்லயும் வரலீங்க. மிளகு மேல தப்பில்ல. கீபோர்டுல ஏதோ அடைச்சிருக்குது.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றார் வேல்முருகன்.

“நேத்து யாருண்ணா அடிச்சது?”

வேல்முருகன் மேடத்தைப் பார்த்தார், மேடம் மின்விசிறியைப் பார்த்தார். பதில் தெளிவாகத்தான் இருந்தது: ஆயுத பூசைக்குப் பிறகு அந்தப் பலகையில் யாருமே எதையும் அடித்ததில்லை. கடவுச்சொல்லுக்கு எண்கள் போதும். மனுக்களைத் திறக்கவும், ‘ஏற்க இயலாது’ என்ற கட்டத்தைச் சொடுக்கவும் மவுஸ் போதும். எட்டு மாதமாக வந்தவர்களையெல்லாம் தமிழ் தெரியாத கணினி திருப்பி அனுப்பியதாக ஊர் நம்பியது. பாவம், அதற்கு ஆங்கிலத்திலேயே ஓர் எழுத்து தெரியாது.

வேல்முருகன் தலையைச் சொறிந்தார். “சந்தனத்தக் கொஞ்சம் தண்ணியாக் கரைச்சு வெச்சுட்டேன் போலிருக்குதுங்க.”

“என் கடைல வேற கீபோர்டு இருக்குது மேடம். பஸ்ல போயி எடுத்துட்டு வந்தர்றேன்.”

“ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இல்லாததச் செருகக்கூடாதுங்களே” என்றார் வேல்முருகன் மெதுவாக. இந்த விதி மட்டும் அவருக்கு மனப்பாடம்.

கலைமணி மேடம் பெருமூச்சு விட்டார். “சரி, இன்னைக்கு முடியாது. புதுசு ஒன்னுக்கு எழுதிப் போடறேன். வந்ததும் சொல்றோம்.”

“எப்பங்க வரும்?” என்றாள் கண்ணாயி.

மேடம் மறுபடி கோப்பைத் திறந்தார். கண்ணாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“தள்ளு கண்ணு. நீ ஓட்டு அந்த மொளகை.”

கோகிலா மிளகை மறுபடி ஓட்டிவிட்டு எழுந்தாள். கண்ணாயி நாற்காலியில் உட்கார்ந்து, க விசையின்மேல் கட்டைவிரலை வைத்தாள். காய்ந்த மண்ணில் குச்சியை இறக்குவது போலத் தோளிலிருந்து அழுத்தினாள். “உடைச்சுப் போடாதீங்கம்மா!” என்று வேல்முருகன் பதறினார். அவள் எடுக்கவில்லை. ‘நறுக்’ என்று ஒரு சத்தம். விசையின் ஓரத்திலிருந்து மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது. அப்போதும் அவள் எடுக்கவில்லை. பிடிக்கும் வரை அழுத்த வேண்டும் அல்லவா!

திரையில் ஒரு க. ஒன்றே ஒன்று. மேசை விளிம்பைப் பிடித்திருந்த கோகிலா அப்போதுதான் கையைத் தளர்த்தினாள். பழைய மிளகாக இருந்தால் இந்நேரம் பக்கம் நிறைந்து வழிந்திருக்கும்.

“பட்டுனு தொட்டுட்டு எடுக்கற வெரலுக்கு இதெல்லாம் ஆவாது சாமி” என்றாள் கண்ணாயி, கோகிலாவைத் திரும்பிப் பார்க்காமலே.

அதன்பின் ஒரு மணி ஐந்து நிமிடம், ஒவ்வொரு எழுத்தாக ஊன்றினாள். கோகிலா உதவிக்கு நீட்டிய கையை இரண்டு முறை தட்டிவிட்டாள். பதினான்கு வரி. நிலம் எங்கே, எத்தனை வருடப் பாடு, யார் உழைப்பு, யார் பெயர் விடுபட்டது. முதல் வரி: என் பெயர் கண்ணாயி. ஒப்புகை எண் அவள் போனுக்குத் தமிழில் வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. ராகு காலத்தில் பாதிக்கு மேல் அவள் தட்டச்சிலேயே கழித்திருந்தாள். ராகுவுக்கு ஒரு சேதமும் இல்லை.

அந்த மனு திரும்பி வரவில்லை. படிக்க முடிந்ததை ‘படிக்கும் நிலையில் இல்லை’ என்று சொல்ல யாராலும் முடியவில்லை. ஐந்தாவது வாரம் நிலத்தைப் பார்க்க ஆள் வந்தார்கள். ஆவணி மாதம் பத்திரத்தில் கண்ணாயியின் பெயர் ஏறியது. பத்திரத்தைக் கொண்டுவந்து கோகிலாவிடம் காட்டி, “லேமினேஷன் போட்டுக் குடு, சாயாம நிக்கட்டும்” என்றாள்.

கலைமணி மேடம் தாளில் இருந்த ‘ஒரு நாள் மட்டும்’ என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். இப்போது அந்த அலுவலகத்தின் மூன்று கணினிகளிலும் கறுப்புப் புள்ளி இருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோகிலா ஓர் அறிவிப்பை ஒட்டியிருக்கிறாள்: பூசை செய்வோர் கவனத்துக்கு, சந்தனத்தைத் திரைக்கு வைக்கவும், அதை யாரும் அமுக்குவதில்லை. வேல்முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. போன வாரம் தன் விடுப்புக் கடிதத்தைத் தமிழில் தானே அடித்துவிட்டு, பிழை இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாயிக்குப் போன் செய்தாராம்.

இனி உங்கள் முறை. நாளைக்கே உங்கள் ஊர் அலுவலகத்துக்குப் போங்கள். மேசைமேல் இருக்கும் கணினியைக் காட்டி, என் அம்மாவின் பெயரைத் தமிழில் அடித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். அடிக்க முடிகிற வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். போகும்போது ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த விசைக்குள் எந்த வருடத்துச் சந்தனம் காய்ந்து கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.